தோண்டத் தெரிந்தவர்களுக்கு மூடத் தெரியாதா?

காரைக்காலில் கடை வைத்திருக்கும் வணிகப் பெருமக்களே! வேலை தேடிக் கொண்டிருக்கும் இளைஞர்களே!

நம் ஊர்க் கடற்கரையில் வடக்கிலிருந்து தெற்காக நடந்து பாருங்கள். கோட்டுச்சேரிமேடு, காசாக்குடிமேடு, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு என்று வரிசையாக மேடுகள் வரும். இந்தப் பெயர்களை நாம் தினமும் சொல்கிறோம். மேடு என்று ஏன் பெயர் வந்தது என்று எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? கடலும் காற்றும் சேர்ந்து பல நூறு ஆண்டுகளாகக் குவித்த மணல் மேடு அது. அதன் மேல்தான் மீனவ மக்கள் குடியிருக்கிறார்கள். அதன் பின்னால்தான் நாமும் நம் கடைகளும் வயல்களும் இருக்கின்றன.

சில மாதங்களுக்கு முன் கருவாடு வாங்கும் வேலையாகக் காரைக்கால்மேட்டுக்குப் போயிருந்தேன். கணக்கு முடிந்து டீ குடித்துக் கொண்டிருக்கும்போது வலை பின்னிக் கொண்டிருந்த ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். "பாய், இத வெறும் மணலுன்னு நெனைக்காதீங்க. இதுதான் எங்க தண்ணித் தொட்டி. எங்கப்பா காலத்துல இடுப்பளவு பறிச்சா நல்ல தண்ணி ஊறும். அந்தாண்ட கடலு, இந்தாண்ட நல்ல தண்ணி. எப்படின்னு கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியாது" என்றார்.

சொல்லத் தெரிந்தவர்கள் உண்டு. நிலத்தடி நீரைப் படித்தவர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மழைத் தண்ணீர் மணல் மேட்டுக்குள் இறங்கி, எடை கூடிய உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை உப்புத் தண்ணீரை அது அழுத்தித் தள்ளி வைக்கும். மேலே ஒரு அடி குறைந்தால் கீழே 40 அடி உப்பு ஏறி வரும். மேட்டை வெட்டி எடுத்தால் மழை தங்க இடமில்லை. மழை தங்காவிட்டால் உப்பு வந்துவிடும். பெரியவருடைய தண்ணீர்த் தொட்டிக்கு இருக்கும் ஒரே சுவர் அந்த மணல்தான்.

2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கடற்கரைக் கிராமங்கள் பட்ட பாடு நமக்கு மறக்காது. மணல் மேடுகளும் செடி கொடிகளும் கலையாமல் இருந்த இடங்களில் அலையின் வேகம் தணிந்ததையும், மட்டமாக்கப்பட்ட இடங்களில் தண்ணீர் தடையின்றி உள்ளே புகுந்ததையும் அப்போது தமிழகக் கடற்கரை நெடுகப் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் வீட்டு மனைக்கு மணல் வேண்டும் என்றால் நம் கண் முதலில் போவது எங்கே?

நானும் வாங்கியவன்தான்

அடுத்தவரைக் குறை சொல்வதற்கு முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் கடை கட்டுவதற்கு ஒரு மனை வாங்கினேன். 2,400 சதுர அடி. பள்ளமான இடம். ஐப்பசி மழையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஐந்து அடி உயர்த்த வேண்டும் என்று கொத்தனார் சொன்னார். சவுடு மண் அடித்தேன். லோடுக்கு மூன்று யூனிட் என்று 40 லோடு வந்து இறங்கியது. விலை பேசினேன், லோடை எண்ணினேன், பணம் கொடுத்தேன். மண் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் மச்சான் ஊருக்குப் போனபோதுதான் அந்த இடத்தைப் பார்த்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். வயலுக்கு நடுவே செங்குத்தாக வெட்டிய குழி. பச்சைத் தண்ணீர். பக்கத்து வயலின் வரப்பு சரிந்து அதற்குள் விழுந்து கொண்டிருந்தது. "மச்சான், உங்க கடைக்கு வந்த மண்ணு இங்கேருந்துதான்" என்று சிரித்துக் கொண்டே சொன்னார் அவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாபாரி அல்லவா, உடனே மனம் கணக்குப் போட்டது. ஒரு யூனிட் 100 கன அடி. 40 லோடு 120 யூனிட். 12,000 கன அடி. அதாவது என் ஒரு மனை ஐந்து அடி உயர, எங்கோ அரை மனை நிலம் பத்து அடி பள்ளமாகியிருக்கிறது. ஒரு மனைக்கே இவ்வளவு என்றால் புது நகர்களுக்கு எவ்வளவு? விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கு நம் ஊர் வழியாகப் போகும் நான்குவழிச் சாலையின் கரைக்கு எவ்வளவு?

குழி வெட்டியவர் போய்விட்டார். நில உரிமையாளர் பணத்தை வாங்கிச் செலவழித்துவிட்டார். நான் கடை திறந்துவிட்டேன். குழி மட்டும் அங்கேயே இருக்கிறது. மழைக்காலம் வந்தால், குழியில் குளிக்கப் போன சிறுவர்கள் மூழ்கினார்கள் என்ற செய்தியை நாளிதழில் படிக்காமல் நாம் ஒரு வருடத்தைக் கழிக்கிறோமா?

இதைத்தான் பெரிய அளவில் செய்தால் திறந்தவெளிச் சுரங்கம் என்கிறார்கள். பெயர் மாறுகிறது, எந்திரம் மாறுகிறது, ஆழம் பத்து அடிக்குப் பதில் முந்நூறு அடியாகிறது. கேட்காமல் விடப்பட்ட கேள்வி ஒன்றுதான்.

நெய்வேலியில் நடப்பது என்ன?

காரைக்காலிலிருந்து வடக்கே சிதம்பரம் போய், அங்கிருந்து உள்ளே தள்ளிப் போனால் நெய்வேலி. நம் இளைஞர்கள் பலர் அப்ரண்டிஸ் வேலைக்கு மனுப் போட்ட ஊர். அங்கே கரி இருப்பது 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது தெரிய வந்தது. தண்ணீரோடு கறுப்பாக ஏதோ கலந்து வந்ததாம். 1956ல் நிறுவனம் தொடங்கியது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961ல்தான் கரி கண்ணில் பட்டது. நான்கு ஆண்டுகள் மண்ணை மட்டுமே அள்ளியிருக்கிறார்கள்!

காரணம், கரி மேலே இல்லை. ஏறத்தாழ 50 மீட்டரிலிருந்து 100 மீட்டர் வரை மேல்மண்ணும் களிமண்ணும் கடலூர் மணற்கல்லும் மூடியிருக்கின்றன. அதற்குக் கீழே 10 முதல் 20 மீட்டர் கனத்தில் பழுப்பு நிலக்கரி. ஒரு டன் கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அகற்ற வேண்டும். மணற்கல் கெட்டியானது, முதலில் வெடி வைத்துத் தளர்த்துகிறார்கள். பிறகு பிரம்மாண்டமான சக்கரம் வைத்த எந்திரம் வருகிறது. சக்கரத்தைச் சுற்றி வாளிகள். பெரிய எந்திரத்தில் ஒரு வாளி 1,400 லிட்டர் கொள்ளும். சக்கரம் சுற்றச் சுற்ற வாளிகள் மண்ணைக் கொறித்துப் பெல்ட்டில் கொட்டுகின்றன. படிக்கட்டு போலத் தட்டுத் தட்டாக வெட்டிக் கொண்டே முன்னேறுகிறார்கள். பெல்ட்டில் போகும் மண்ணை, கரி எடுத்து முடிந்த பின்பக்கக் குழியில் இன்னொரு எந்திரம் கொட்டிப் பரப்புகிறது. முன்னால் தோண்டிப் பின்னால் நிரப்பியபடி சுரங்கம் வயலைத் தின்று கொண்டே நகர்கிறது.

"அப்படியானால் குழி மூடப்படுகிறதே, பிறகென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கேதான் கவனிக்க வேண்டும்.

மேலே இருந்த ஒரு முழ மண்ணில்தான் உயிர் இருக்கிறது. தழையும் சாணமும் மண்புழுவும் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்களும் பல நூறு ஆண்டுகள் சேர்ந்து ஆக்கியது அது. 90 மீட்டர் மண்ணை ஒரே பெல்ட்டில் அள்ளிக் கொட்டினால் அந்த ஒரு முழம் எங்கே போகும்? அடியில் இருந்த மணற்கல் தூள் மேலே வரும். மேலே இருந்த உயிர் மண் அடியில் புதையும். பால் பாத்திரத்தில் ஏடு மேலே நிற்கும். நன்றாகக் கலக்கிவிட்டு "பால் அப்படியே இருக்கிறதே" என்று சொன்னால் ஏடு வேண்டியவன் ஒப்புக்கொள்வானா? ஆகவே, நிலத்தைத் திரும்ப ஆக்க வேண்டும் என்றால், தோண்டும் முதல் நாளே மேல்மண்ணைத் தனியாகச் சுரண்டி, தனியாகக் குவித்து, அதன் மேல் பயிர் வைத்துக் காப்பாற்றி, கடைசியில் மேலே பரப்ப வேண்டும். பத்து வருடம் கழித்து நினைவு வந்தால் பயனில்லை.

அடுத்து தண்ணீர். நெய்வேலியில் கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ என்று கணக்கு. இறைக்காமல் விட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்து கொண்டு வரும். அதனால் இரவு பகலாக இறைத்துக் கொண்டே இருக்க வேண்டும். ஒரு டன் கரிக்குப் பல டன் தண்ணீர். அந்தத் தண்ணீர் முழுவதும் வீண் என்று சொல்வது நியாயமல்ல. அனல்மின் நிலையத்துக்கும் நகரியத்துக்கும் போகிறது. வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாக உழவர்களும் பாசனம் செய்கிறார்கள். ஆனால் ஒரு காலத்தில் துளை போட்டால் தானாகவே பீறிட்டு வந்த ஊற்றுக் கிணறுகள் அந்த வட்டாரத்தில் வற்றிப் போனதையும் அதே உழவர்கள்தான் சொல்கிறார்கள்.

மரம் வேறு, நெல் வயல் வேறு

நெய்வேலி நிர்வாகம் நிரப்பிய நிலத்தில் மரம் வளர்த்திருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சுரங்கக் கழிவு மண்ணில் பயிர் வைத்தும் பார்த்திருக்கிறார்கள். இதை மறைக்க வேண்டியதில்லை, நல்ல வேலை. நமது கேள்வி வேறு. எடுத்தது எது, கொடுத்தது எது?

நெல் வயல் என்பது வெறும் மண் அல்ல. தலைமுறை தலைமுறையாகச் சேற்றில் உழுது, அடியில் ஒரு கெட்டித் தட்டு உண்டாகி, அதனால்தான் தண்ணீர் நிற்கிறது. சட்டி போல அது. பக்கத்து வயலோடு மட்டம் சரியாக இருக்க வேண்டும். வாய்க்காலிலிருந்து தண்ணீர் ஏற வேண்டும், வடிகாலில் இறங்க வேண்டும். இத்தனையும் கூடினால்தான் வயல். கொட்டிய மண் ஆண்டுக்கணக்கில் அமுங்கிக் கொண்டே இருக்கும். அதில் மட்டம் எங்கே, வாய்க்கால் எங்கே? தைல மரமும் முந்திரியும் வளர்ந்த புகைப்படத்தைக் காட்டி "நிலத்தை மீட்டுவிட்டோம்" என்றால், கடன் வாங்கிய தங்கத்துக்குப் பதில் பித்தளையைத் திருப்பிக் கொடுத்தவன் கதைதான். அமானிதம் என்றால் என்ன என்று அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முடியாத காரியமா என்றால், முடியும் என்று காட்டிய நாடுகள் இருக்கின்றன. நெய்வேலிக்குச் சக்கர எந்திரம் அனுப்பிய ஜெர்மனியையே எடுத்துக் கொள்ளுங்கள். அங்கே ரைன் நதிப் பகுதியிலும் இதே பழுப்பு நிலக்கரி, இதே முறை. ஆனால் மேலே இருக்கும் வளமான மண்ணைத் தனியே வைத்திருந்து, நிரப்பிய பிறகு இரண்டு மீட்டர் கனத்துக்கு அதைப் பரப்புகிறார்கள். உடனே உழவரிடம் கொடுத்துவிடுவதில்லை. முதலில் குதிரை மசால் போட்டு வேரை ஆழமாக இறங்க விட்டு, ஏழு ஆண்டுகள் சுரங்க நிறுவனமே பயிர் செய்து, மண் தேறிய பிறகுதான் கைமாற்றம்.

அதே ஜெர்மனியின் கிழக்குப் பகுதி பாடமாக வேண்டியது வேறு வகையில். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் தோண்டிப் போட்டுவிட்டார்கள். மூடப் பணம் ஒதுக்கவில்லை. 1990ல் நாடு இணைந்த பிறகு அந்தக் குழிகளைச் சீர்செய்ய மக்கள் வரிப்பணத்தில் ஆயிரம் கோடி யூரோவுக்கு மேல் செலவு. பல குழிகளை ஏரிகளாக்கினார்கள். அப்படி நிரம்பிக் கொண்டிருந்த ஏரி ஒன்றின் கரை 2009 ஜூலையில் நாக்டர்ஷ்டெட் என்ற ஊரில் திடீரென்று சரிந்து, வீடுகளோடு மூன்று பேரை விழுங்கியது. கொட்டிய மண் எவ்வளவு காலம் கழித்தும் பழிவாங்கும் என்பதற்கு அது சாட்சி.

அமெரிக்காவில் 1977 ஆகஸ்ட் 3 அன்று அதிபர் கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். நமக்குப் பிடித்த வியாபாரக் கணக்கு அதில் இருக்கிறது. தோண்ட அனுமதி வேண்டுமா? முதலில் மூடுவதற்கான ஈட்டை வை! நீ ஓடிப் போனாலும் அந்தப் பணத்தில் அரசு மூடிக்கொள்ளும். மேல்மண்ணைத் தனியாக வைக்க வேண்டும். முதல்தர விளைநிலமாக இருந்தால், மீட்ட பிறகு அதில் பழைய அளவுக்கு விளைச்சல் எடுத்துக் காட்டினால்தான் ஈடு முழுவதும் திரும்பக் கிடைக்கும். மரத்தின் புகைப்படம் அங்கே செல்லாது. மூட்டைக் கணக்குதான் செல்லும். (அங்கேயும் ஈட்டுத் தொகையைக் குறைத்து வாங்கிக் கொண்டு, நிறுவனம் திவாலான பிறகு அரசு கையைப் பிசைந்த கதைகள் உண்டு. சட்டம் இருந்தால் மட்டும் போதாது, தொகை சரியாக இருக்க வேண்டும்.)

நமது நாட்டில்? சுரங்கங்களுக்கான சட்டம் 1957லேயே வந்துவிட்டது. ஆனால் நிலக்கரிச் சுரங்கத்தை மூடுவதற்குத் திட்டமும் தனிக் கணக்கில் பணமும் வேண்டும் என்ற வழிகாட்டு நெறி மத்திய நிலக்கரி அமைச்சகத்திடமிருந்து வந்தது 2009ல். நேரு தொடங்கி வைத்த நாளிலிருந்து 52 ஆண்டுகள்! 2013ல் திருத்தியபோது திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். ஏக்கருக்குச் சுமார் இரண்டே கால் லட்சத்துக்கு மேல். பின்னர் தொகை உயர்ந்தது. முந்நூறு அடிக் குழியை மூடி, மண்ணைத் தேற்றி, வயலாக்க அது போதுமா என்று ஒரு ஏக்கரில் வரப்பு கட்டிப் பார்த்த எந்த விவசாயியிடமும் கேளுங்கள்.

2020 ஜனவரி 8 அன்று உச்சநீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. சுரங்கம் முடிந்த இடத்தில் புல் வளர்த்து, கால்நடைத் தீவனமும் செடி கொடிகளும் வளரத் தக்கதாக நிலத்தைத் திருப்ப வேண்டும். குத்தகை நிபந்தனையிலேயே இதைச் சேர்க்க வேண்டும் என்றது. வரவேற்போம். ஆனால் புல்லுக்கும் நெல்லுக்கும் இடையில் இருக்கும் தூரத்தையும் கவனத்தில் வைப்போம்.

நஷ்டஈட்டோடு நின்றுபோன பேச்சு

2023 ஜூலை 26. கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் பச்சைப் பசேலென்று நின்ற நெற்பயிரின் மேல் பொக்லைன் எந்திரங்கள் ஏறின. சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய் வெட்ட வேண்டுமாம். நிலத்தை நாங்கள் எப்போதோ கையகப்படுத்திவிட்டோம் என்றது நிறுவனம். கதிர் வரும் வரை பொறுக்கக் கூடாதா என்று நாடே கேட்டது. சென்னை உயர்நீதிமன்றம் வேதனையைத் தெரிவித்தது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்று முடிந்தது. இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் நடந்த போராட்டம் கலவரமாகிப் போலீஸ் தடியடி வரை போனது.

அந்த நாட்களில் வந்த பேட்டிகளையும் அறிக்கைகளையும் நானும் படித்தேன். இழப்பீடு எவ்வளவு, வீட்டுக்கு ஒரு வேலை நிரந்தரமா ஒப்பந்தமா என்பதே பேச்சு. அந்தக் கோரிக்கைகள் நியாயமானவை. நிலம் கொடுத்தவர் வீட்டுப் பிள்ளை ஒப்பந்தக் கூலியாகவே நரைத்துப் போவது அநியாயம். ஆனால் தோண்டி முடித்த பிறகு அந்த வயல் என்னவாகும், யாருக்குப் போகும் என்று கேட்ட குரல் என் காதில் விழவில்லை. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் 101வது பிரிவு, ஐந்தாண்டு பயன்படுத்தாமல் கிடக்கும் நிலத்தைப் பழைய உரிமையாளருக்கோ நில வங்கிக்கோ திருப்புவதைப் பற்றிப் பேசுகிறது. தோண்டிக் கரி எடுத்து முடித்த நிலத்தைப் பற்றி அது பேசவில்லை. விற்பனைப் பத்திரம் எழுதும்போது கடைசி வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் வியாபாரி நம்மில் யாராவது உண்டா? நிலத்தின் விஷயத்தில் மட்டும் ஏன் படிக்க மறுக்கிறோம்?

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். வாஞ்சூருக்குப் போனால் போதும். 2009ல் தொடங்கிய காரைக்கால் துறைமுகத்தில் கரி மலை மலையாக இறங்குகிறது. கரித் தூசு பற்றி வாஞ்சூர், நாகூர் மக்கள் முறையிட்டது நமக்குத் தெரியும். துணி கறுப்பாவதை நாம் பார்த்தோம். கரி புறப்படும் இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தோமா? நம் நாட்டு அனல்மின் நிலையங்கள் இறக்குமதி செய்யும் கரியில் பெரும்பங்கு இந்தோனேசியாவிலிருந்து வருவது. அங்கே கிழக்குக் கலிமந்தான் மாகாணத்தில், சமரிண்டா நகரத்தைச் சுற்றி, கரி எடுத்தபின் மூடாமல் விட்ட குழிகள் குளங்களாக நிற்கின்றன. 2011 முதல் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் அவற்றில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். மீட்புக்கு ஈட்டுத்தொகை கட்ட வேண்டும் என்ற சட்டம் அங்கேயும் ஏட்டில் இருக்கிறது. அந்தத் தாய்மார்கள் நம்மைப் போலவே வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தொப்பி போட்டு அனுப்பியவர்கள்தாம். மச்சான் ஊர்க் குழியைப் பார்த்தபோது எனக்கு அந்தச் செய்திதான் ஞாபகம் வந்தது.

இது நமக்கு எதற்கு?

"காரைக்காலில் கரிச் சுரங்கம் இல்லையே, நமக்கு எதற்கு இந்தக் கவலை?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சொல்கிறேன்.

2023 மார்ச் மாதக் கடைசியில் மத்திய அரசு ஏலத்துக்கு விட்ட பட்டியலில் தஞ்சை மாவட்டம் வடசேரி, அரியலூர் மாவட்டம் மைக்கேல்பட்டி, கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே ஒரு பகுதி என்று மூன்று இடங்கள் இருந்தன. தமிழகம் கொதித்தது. சட்டமன்றத்தில் எல்லாக் கட்சிகளும் எதிர்த்தன. ஏப்ரல் 8 அன்று மூன்றையும் நீக்குவதாக அறிவித்தார்கள். வெற்றிதான். ஆனால் பட்டியலில் இருந்து எடுத்தார்கள். பூமிக்கடியில் இருந்து கரியை எடுத்துவிடவில்லை. மன்னார்குடிப் பகுதியில் கிடப்பது நாட்டிலேயே பெரிய பழுப்பு நிலக்கரிப் படிவங்களில் ஒன்று. அதே பகுதியின் மீத்தேனுக்காக வந்தவர்களை எதிர்த்து ஊர் ஊராக நடந்துதான் நம்மாழ்வார் 2013 டிசம்பரில் உயிரை விட்டார்.

2020 பிப்ரவரியில் தமிழக அரசு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டையில் சில பகுதிகளும் அதில் வருகின்றன. கடல் பக்கம் தவிர நம்மைச் சுற்றி மூன்று புறமும் அந்தச் சட்டம் இருக்கிறது. ஆனால் வடக்கே நண்டலாற்றைத் தாண்டி அது நம் பக்கம் வராது. தெற்கே வாஞ்சூர் எல்லையில் நின்றுவிடும். நாம் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். அரசலாற்றுத் தண்ணீர் எல்லை பார்ப்பதில்லை, சட்டம் பார்க்கிறது. நமக்கு வேண்டியதை நாமேதான் புதுச்சேரி சட்டமன்றத்திடமும் மத்திய அரசிடமும் கேட்டு வாங்க வேண்டும். புதுச்சேரிக்குக் கரியே இல்லை என்று நினைத்தால் அதுவும் தவறு. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய பாகூரின் அடியில் சுமார் 41 கோடி டன் பழுப்பு நிலக்கரி இருப்பதாக இந்திய புவியியல் ஆய்வுத் துறையின் கணக்கு சொல்கிறது.

நெய்வேலியாவது கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. டெல்டாவின் கடைமடையில் ஆழமாகத் தோண்டி, இரவு பகலாக நல்ல தண்ணீரை இறைத்தால் என்ன நடக்கும்? காரைக்கால்மேட்டுப் பெரியவரின் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு அடிக்கு 40 அடி. உப்பு ஏறிய நிலத்தை மேல்மண் பரப்பியும் மீட்க முடியாது, மரம் நட்டும் மீட்க முடியாது. ஆகவே, கடலோர டெல்டாவில் ஆழச் சுரங்கம் கூடவே கூடாது என்பது என் முடிவான கருத்து. மீட்பு நிபந்தனை போட்டுத் தோண்டலாம் என்று பேசுவதெல்லாம் மீட்க முடிந்த இடங்களுக்குத்தான்.

சிறு குழிகள் விஷயத்திலோ சட்டம் ஏற்கெனவே நம் பக்கம் நிற்கிறது. ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான மண், மணல் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. சாலை போன்ற வேலைகளுக்கு மண் எடுக்க அனுமதியே வேண்டாம் என்று 2020ல் மத்திய அரசு தந்த விலக்கையும் 2024 மார்ச் 21 அன்று அதே நீதிமன்றம் ரத்து செய்தது. இந்தத் தீர்ப்புகளைக் கையில் வைத்துக் கொண்டு கேட்க ஆள் இல்லாததுதான் குறை.

அந்த ஆள் நீங்கள்தான், வணிகச் சகோதரர்களே! நம்மில் ஹார்டுவேர் கடைக்காரர் இருக்கிறார், டிப்பர் லாரி ஓட்டுபவர் இருக்கிறார், மனை போட்டு விற்பவர் இருக்கிறார், செங்கல் வாங்கி விற்பவர் இருக்கிறார். மண் நம் கை வழியாகத்தான் போகிறது. அடுத்த லோடு வரும்போது அனுமதிச் சீட்டைக் கேளுங்கள். எந்த ஊர், எத்தனை அடி ஆழம், மேல்மண்ணை எங்கே குவித்திருக்கிறார்கள், கரையைச் சரிவாக்குவார்களா என்று கேளுங்கள். "இதெல்லாம் கேட்டா வேற ஆளுக்குப் போயிடும் பாய்" என்பார் லாரிக்காரர். போகட்டும். பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து கேட்டால் அவர் எங்கே போவார்? கடற்கரை மேட்டு மணல் என்றால் எந்த விலைக்கும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இளைஞர்களே, உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. பெரிய சுரங்கமோ குவாரியோ வருமுன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின் விதி. அதற்கு 30 நாள் முன்பு நாளிதழில் விளம்பரம் வர வேண்டும். அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழிலும் தர வேண்டும். வேலை எத்தனை பேருக்கு என்று கேட்கும் கூட்டத்தில் எழுந்து, மேல்மண் எங்கே, மூடும் பணம் எந்தக் கணக்கில், எந்த ஆண்டு நிலம் திரும்பும், விளைச்சல் எவ்வளவு காட்டுவீர்கள் என்று எழுத்தில் கேட்டு, பதிலை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். வாயால் கேட்டது காற்றோடு போகும்.

என் பங்குக்கு, மச்சானையும் அந்த நில உரிமையாளரையும் உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன். குழியை முழுக்க நிரப்ப இப்போது மண் கிடையாது. இன்னொரு குழி வெட்டித்தான் இதை நிரப்ப வேண்டும், அது பைத்தியக்காரத்தனம். செங்குத்துக் கரையைச் சரிவாக வெட்டி, வெட்டிவேரும் பனையும் வைத்து, மழைநீர் தங்கும் குட்டையாக்கலாம் என்று முடிவு செய்தோம். செலவில் பாதி என்னுடையது. 40 லோடு வாங்கியவன் அல்லவா!

காரைக்கால்மேட்டுப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒன்று கேட்டார். கருத்துக் கேட்புக் கூட்ட விளம்பரம் நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வருமாம். கடலுக்குப் போகிறவர்கள் கண்ணில் அது படுவதில்லை. கடையில் தினமும் பேப்பர் வாங்கும் நாம் பார்த்தால் ஒரு போன் செய்ய வேண்டும். பேச அவர் தயார். "நான் பேசுறப்ப பக்கத்துல பத்து பாய்மாரு உக்காந்திருந்தா போதும்" என்றார். இதுவரை நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.